குட்டிப் பிள்ளைகளோடு பொங்கல்: போகியிலிருந்து சிறுவீடு வரை ஒரு முழு வழிகாட்டி

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு வேலை செய்தேன். சார்ட்டில் ஒரு மரம் வரைந்து, பச்சைக் காகிதத்தை இலை இலையாக வெட்டி, "யாருக்கெல்லாம் நன்றி சொல்லணும்னு ஒவ்வொரு இலையிலயும் எழுதலாம் வா" என்று அப்போது நாலு வயதாக இருந்த மகளை உட்கார வைத்தேன். நன்றாக யோசித்தாள். முதல் இலை, டிவி. இரண்டாவது, டிவி ரிமோட். மூன்றாவது இலைக்கு முன்பே எழுந்து ஓடிவிட்டாள். அதே பிள்ளை அன்று சாயங்காலம், தெருமுனையில் கரும்பு விற்கிற பெரியவர் ஒரு துண்டைத் தோல் சீவிக் கையில் கொடுத்ததும், ஒரு கடி கடித்துவிட்டு "தாத்தா, உங்களுக்கு?" என்று எச்சில் கரும்பையே அவரிடம் நீட்டினாள். மரத்தைச் சுருட்டிப் பரணில் போட்டேன், இன்னும் அங்கேதான் இருக்கிறது.

பிள்ளைகளுக்கு நன்றி சொல்லப் பழக்கப் பொங்கலில் வெளியிலிருந்து ஒன்றும் கொண்டுவந்து ஒட்ட வேண்டியதில்லை. பழைய பொருளுக்கு ஒரு நாள், வெயிலுக்கு ஒரு நாள், மாட்டுக்கு ஒரு நாள், மனுஷர்களுக்கு ஒரு நாள் என்று நம் ஆட்கள் ஏற்கெனவே பிரித்து வைத்துவிட்டார்கள். நாம் செய்ய வேண்டியதெல்லாம் பிள்ளையைப் புகைப்படத்துக்கு மட்டும் நிறுத்தாமல், ஒவ்வொரு நாளும் அதன் கையில் நிஜமான ஒரு வேலையைக் கொடுப்பதுதான். கீழே இருப்பது 2 முதல் 8 வயது வரை உள்ள பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியது. நாங்கள் சென்னையில் மூன்றாம் மாடியில் இருக்கிறோம், ஊர் தென்காசிப் பக்கம். அதனால் இரண்டு இடத்துப் பழக்கமும் கலந்துதான் வரும், உங்கள் வீட்டு முறை வேறாக இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

பத்து நாள் முன்னால்

முதல் முடிவு, ஊருக்கா இங்கேயா என்பது. ஊருக்குத்தான் என்றால் ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்து, பொங்கல் தேதிகளுக்கு மட்டும் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். அதில் ஏமாந்தால் பேருந்துதான். எதில் போனாலும் போகிக்கு முந்தைய நாளே போய்ச் சேர்ந்துவிடுங்கள். போகி ராத்திரி முழுக்கப் பேருந்தில் ஆடிக்கொண்டே வந்த மூன்று வயதுப் பிள்ளையை விடிகாலை 5 மணிக்கு எழுப்பித் தலைக்கு ஊற்றினால் அது சூரியனை மட்டுமல்ல, உங்களையும் சேர்த்துத்தான் திட்டும்.

அடுத்தது பானை. மண்பானை வாங்குவதானால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். விரலால் சுண்டிப் பார்த்தால் கணீரென்று சத்தம் வர வேண்டும், மந்தமாகக் கேட்டால் எங்கோ கீறல் இருக்கிறது என்று அர்த்தம். இதைச் சொல்லிக் கொடுத்தால் கடையில் உள்ள எல்லாப் பானையையும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வரும், கடைக்காரர்கள் பெரும்பாலும் ஒன்றும் சொல்வதில்லை. வாங்கி வந்த பானையை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் முக்கி வையுங்கள், பிறகு அரிசி களைந்த தண்ணீரை ஊற்றி இரண்டு மூன்று தடவை கொதிக்க விட்டுக் கொட்டுங்கள். பழக்காத பானையை நேராகப் பொங்கல் அன்று நெருப்பில் ஏற்றினால் விரிசல் விடும். இன்னொன்று, பானைக்கு அக்ரிலிக் பெயிண்ட் அடித்து அழகு பார்க்காதீர்கள், சமைக்கிற பானையில் அது கருகி நாறும். சுண்ணாம்பும் காவியும் கரைத்துக் கொடுங்கள், விரலாலேயே கோடு போடட்டும்.

கூடவே ஒரு சின்ன வேலை, இதை நாங்கள் போன வருஷம்தான் ஆரம்பித்தோம். பால் போடுகிறவர், குப்பை எடுக்க வருகிற அக்கா, இஸ்திரி போடுகிறவர், வாட்ச்மேன், இவர்களில் எத்தனை பேருக்குப் பெயர் தெரியும் என்று வீட்டில் கேட்டுப் பார்த்தோம். இஸ்திரிக்காரர் பெயர் எனக்கே தெரியவில்லை, ஆறு வருஷமாகச் சட்டை கொடுக்கிறேன். மகளை அனுப்பிக் கேட்டு வரச் சொன்னேன். அவர் பெயரைச் சொன்னதோடு விடாமல், இவள் பெயரைக் கேட்டு, இவள் தம்பி பெயரையும் கேட்டு அனுப்பியிருக்கிறார். மாட்டுப் பொங்கலுக்கு இது உதவும், பிறகு சொல்கிறேன்.

போகி

மார்கழியின் கடைசி நாள், ஜனவரி 13 அல்லது 14-இல் வரும். "பழையன கழிதல்" என்று எல்லாரும் சொல்கிறோம், ஆனால் பிள்ளைகளைப் பொறுத்தவரை பழசு என்று ஒன்றே கிடையாது. சக்கரம் போன கார்கூட உயிர்தான். அதனால் "இதெல்லாம் தூக்கிப் போடு" என்று தொடங்கினால் காலையிலேயே அழுகை.

எங்கள் முறை இது. இரண்டு அட்டைப்பெட்டி. ஒன்றில் உடைந்தது, இன்னொன்றில் நன்றாக இருப்பது ஆனால் தனக்குச் சின்னதாகிப் போனது. ஒவ்வொரு பொருளையும் எடுத்து, இதை வைத்து என்ன விளையாடினோம் என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் பெட்டியில் போட வேண்டும், அவ்வளவுதான். நேரம் எடுக்கும், ஒரு மணி நேரத்தில் ஏழு சாமான்தான் நகரும், பரவாயில்லை. தர மனமில்லாததைப் பிடுங்காதீர்கள். அடுத்தவருக்குக் கொடுக்கிற பெட்டியில் உடைந்தது ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பதில் மட்டும் கறாராக இருங்கள். காது அறுந்த கரடி பொம்மையைத் துவைத்து, என் மாமியார் காதைத் தைத்துக் கொடுத்தபிறகுதான் பெட்டிக்குள் போனது.

எரிப்பது பற்றி. டயர், பிளாஸ்டிக், பழைய துணி எரிக்காதீர்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வருஷா வருஷம் கெஞ்சுகிறது. 2018 போகி அன்று பனியும் புகையும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் திணறின. மூச்சிரைப்பு உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால் அன்று விடிகாலை ஜன்னலைச் சாத்தியே வையுங்கள். தீ பார்த்தே ஆக வேண்டும் என்று அடம் பிடித்தால் நாலு சுள்ளி, ஒரு கிழிந்த ஓலைப்பாய் போதும். மேளம் தட்ட வேண்டியது முக்கியம், அதை விட்டுவிடாதீர்கள்.

சாயங்காலம் காப்புக் கட்டு. கொங்குப் பக்கம் இது பெரிய விஷயம். வேப்பிலை, ஆவாரம்பூ, வெள்ளையாகப் பஞ்சு போல இருக்கும் பூளைப்பூ மூன்றையும் கொத்தாகக் கட்டி வாசல் நிலையிலும் கூரையிலும் செருகுவார்கள். கட்டுகிற வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள், முடிச்சு அவிழ்ந்தால் நீங்கள் ராத்திரி ரகசியமாகக் கட்டிக்கொள்ளலாம்.

தைப் பொங்கல்

இதுதான் பெரிய நாள், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முந்தின ராத்திரியே எல்லாவற்றையும் அளந்து வைத்துவிட வேண்டும். நான்கு பேருக்கு 1 தம்ளர் புதுப் பச்சரிசி, கால் தம்ளர் பாசிப்பருப்பு, ஒன்றரை முதல் 2 தம்ளர் பொடித்த வெல்லம், 1 தம்ளர் பால், நெய் கால் தம்ளருக்குக் கொஞ்சம் கூட, ஏலக்காய், முந்திரி, திராட்சை. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை இருந்தால் முந்திரியை முழுசாகப் போடாமல் பொடியாக உடைத்துக்கொள்ளுங்கள், தொண்டையில் சிக்கும். வெல்லத்தில் மண் இருக்கும் என்பதால் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து வடிகட்டித்தான் சேர்க்க வேண்டும். வெல்லம் இடிக்கிற வேலை ஆறு வயதுக்கு மேல் உள்ளவர்களுக்கு. இடிக்கக் கொடுத்த வெல்லத்தில் கால்வாசி வாய்க்குப் போகும், அதையும் சேர்த்து அளந்துகொள்ளுங்கள்.

யாருக்கு என்ன வேலை என்பதையும் அப்போதே சொல்லிவிடுவோம். 2, 3 வயதுக்கு அரிசி களைவது, அகலமான பாத்திரத்தில், கை நனைய நனைய. 4, 5 வயதுக்கு அளப்பது, மஞ்சள் கொத்தை எடுத்துக் கொடுப்பது. அதற்கு மேல் என்றால் கோலம். பொங்கலுக்கு முந்தைய வாரமே மூன்று புள்ளி மூன்று வரிசை பழக்கிவிட்டால் அன்று தன்னம்பிக்கையோடு போடுவார்கள். கோணலாகத்தான் இருக்கும். நீங்கள் பின்னாலேயே போய் அழித்துத் திருத்தினால் மறுபடி மாவைத் தொட மாட்டார்கள். அரிசி மாவிலேயே போடுங்கள், கொஞ்ச நேரத்தில் எறும்பு வரிசை கட்டி வரும், அதைக் குனிந்து பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் ஓட்டிவிடுவார்கள், உங்களுக்கும் அடுப்பைக் கவனிக்க நேரம் கிடைக்கும்.

அடுப்பு. மொட்டை மாடியில் அனுமதி கிடைத்தால் மூன்று செங்கல், விறகு, கிழக்குப் பார்த்து. அந்தக் கற்களைச் சுற்றிக் கோலப்பொடியால் பெரிய வட்டமாக ஒரு வேலி போட்டு, "கோட்டுக்கு உள்ளே பெரியவங்க மட்டும்" என்று சொல்லிவிடுங்கள். "கிட்டப் போகாதே" என்று நூறு தடவை கத்துவதைவிட இந்தக் கோடு நன்றாக வேலை செய்கிறது, ஏன் என்று தெரியவில்லை, கோட்டைப் பிள்ளைகள் மதிக்கிறார்கள். பட்டுப்பாவாடையும் புதுச் சட்டையும் பொங்கிய பிறகு. நெருப்புப் பக்கத்தில் பருத்தி மட்டும்தான், பளபளவென்று தொங்குகிற சிந்தெடிக் துணி வேண்டவே வேண்டாம்.

மாடி இல்லை, கேஸ் அடுப்புதான் என்றால் ஒரு எச்சரிக்கை. நாங்களே முதல் வருஷம் மாட்டிக்கொண்டோம். பால் பொங்கி வழிந்து பர்னரை அணைத்துவிட்டது, எல்லாரும் தட்டைத் தட்டிக்கொண்டு பொங்கலோ பொங்கல் என்று கத்திக்கொண்டிருந்ததில் கேஸ் கசிவதை யாரும் கவனிக்கவில்லை. வாசனை வந்து ஓடிப் போய்த் திருகினோம். ஆகவே ஒரு பெரியவருக்கு அந்த நேரத்தில் ஒரே வேலைதான், கையை அடுப்புத் திருகில் வைத்திருப்பது. அவர் கத்த வேண்டாம், வீடியோ எடுக்கவும் வேண்டாம்.

பானையின் கழுத்தில் மஞ்சள் கொத்தையும் இஞ்சிக் கொத்தையும் கட்டி, பாலும் தண்ணீரும் கழுத்து வரை ஊற்றுங்கள். தண்ணீருக்குப் பதில் அரிசியை இரண்டாவது தடவை களைந்த நீரை ஊற்றுவது எங்கள் பக்கத்துப் பழக்கம், கஞ்சித் தன்மை இருப்பதால் நுரைத்துப் பொங்கும். அரைப்பானை ஊற்றினால் பொங்கவே பொங்காது, பிள்ளைகள் ஏமாந்து போவார்கள். அகலமான குக்கரிலும் அப்படித்தான்.

இனி காத்திருப்பது. ஒரு சின்னப் பிள்ளைக்கு இருபது நிமிஷம் என்பது ஒரு யுகம். தட்டும் கரண்டியும் கையில் கொடுத்து, எட்டி நின்று பார்க்கக்கூடிய உயரத்தில் ஒரு ஸ்டூல் போட்டு நிறுத்தி, என்ன நடக்கிறது என்று பேசிக்கொண்டே இருங்கள். முதலில் ஓரமாகச் சின்னச் சின்னக் குமிழ். பிறகு மேலே மெல்லிசாக ஓர் ஆடை படியும். அடியிலிருந்து வருகிற ஆவி அந்த ஆடையைத் தாண்ட முடியாமல் முட்டும், ஆடை நடுவில் லேசாக உப்பும், அடங்கும், மறுபடி உப்பும். திடீரென்று மொத்தமும் வெள்ளையாக எழுந்து பானை வாயைத் தாண்டி மஞ்சள் இலை மேல் வழியும்போது பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், அதுவே கத்தும். என் மகன் இரண்டு வயதில் அந்தக் கூச்சலுக்குப் பயந்து அழுதான். சங்கும் தட்டும் சேர்ந்து காதுக்குப் பக்கத்தில் கேட்டால் சில பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளாது, இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். கிழக்கே வழிந்தால் நல்லது, வடக்கே வழிந்தால் நல்லது என்பார்கள், எந்தப் பக்கம் வழிந்தாலும் வீட்டில் ஒரு பெரியவர் அதுவும் நல்லதுதான் என்று ஒரு காரணம் சொல்லிவிடுவார்.

பொங்கியதும் கொஞ்சம் தண்ணீரை மொண்டு வைத்துக்கொண்டு அரிசியைப் போட வேண்டும். வீட்டில் எல்லாரும் ஆளுக்கு ஒரு கை அரிசி. பிள்ளைகள் நேராகப் பானையில் போட்டால் கொதிநீர் தெறிக்கும், அதனால் அவர்கள் கையளவு அள்ளிக் கரண்டியில் போடட்டும், நீங்கள் பானையில் சேருங்கள். அரிசியும் பருப்பும் குழைய வெந்த பிறகுதான் வெல்லப்பாகு. முன்னாலேயே ஊற்றினால் அரிசி வேகாமல் விறைத்து நிற்கும்.

கற்பூரம் காட்டிக் கும்பிடும்போது வெயிலை நேராகப் பார்க்க விடாமல் கண்ணை மூடச் சொல்லுங்கள். என்ன சொல்லிக் கும்பிடுவது என்று என் மகள் ஆச்சியிடம் கேட்டாள். ஆச்சி யோசிக்கவே இல்லை. "என்னத்த சொல்லணும் தாயி, வந்ததுக்குச் சந்தோசம்னு சொல்லு, வீட்டுக்கு ஆளு வந்தா சொல்லுவோம்லா." இப்போது வருஷா வருஷம் "வாங்க சூரியன், வந்ததுக்குச் சந்தோசம்" என்றுதான் எங்கள் வீட்டில்.

சாப்பாட்டு இலையில்தான் அடுத்த விளையாட்டு. இலையில் உள்ள ஒன்றைத் தொட்டு, இது எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். முதல் பதில் "கடை". கடைக்கு? "லாரி". லாரிக்கு? அங்கேதான் பேச்சு தொடங்கும். கரும்பை நட்டது போன சித்திரை வைகாசியில், உனக்கு அப்போது ஸ்கூல் லீவு, நாம் அத்தை வீட்டுக்குப் போயிருந்தோம், அப்போதிருந்து மேலூரிலோ எங்கோ யாரோ தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே இருந்திருக்கிறார்கள் என்று சொன்னால் கண் விரியும். சம்பா நெல்லுக்கு நாலு மாசத்துக்கு மேல். பனங்கிழங்கு என்றால் இன்னும் சுவாரசியம், பனம்பழக் கொட்டையைப் புதைத்துவிட்டுக் காத்திருந்து தோண்டினால் வருவது, நாரை உரித்து நடுவில் ஓடும் தண்டை உருவுகிற வேலையே பிள்ளைகளுக்குப் போதும். ஒரு வேளைக்கு ஒரு பொருள்தான். எல்லாவற்றையும் கேட்டால் அது பரீட்சை. கரும்பைச் சின்னப் பிள்ளைகளுக்குத் தோலோடு கொடுக்காமல் விரல் நீளத்துக்கு நறுக்கி, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் கொடுங்கள்.

மாட்டுப் பொங்கல்

ஊரில் இருந்தால் கவலையே இல்லை. மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் பூசி, மாலை போட்டு, "பட்டி பெருக, பால்பானை பொங்க" என்று சுற்றி வருவதிலேயே நாள் போய்விடும். ஒன்று மட்டும் கவனியுங்கள். பாசத்தில் வாளி வாளியாகப் பொங்கலை மாட்டுக்கு ஊட்டிவிடுகிறார்கள். அரிசிச்சோறும் வெல்லமும் அளவுக்கு மீறினால் மாட்டின் வயிற்றில் அமிலம் ஏறிப் படுத்துவிடும். ஒரு உருண்டை போதும், மற்றபடி அகத்திக்கீரை, பசும்புல், ஒன்றிரண்டு வாழைப்பழம். பழத்தைப் பிள்ளை கொடுத்தால் உள்ளங்கையை விரித்து வைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

நகரத்தில் மாட்டுக்கு எங்கே போவது? காலையில் கணுப்பிடி வைக்கலாம். மஞ்சள் இலையில் மஞ்சள் சோறு, குங்குமச் சோறு, சர்க்கரைப் பொங்கல் என்று சின்னச் சின்ன உருண்டையாக வைத்து, காக்கையைக் கூப்பிடுவது. கூடப் பிறந்தவர்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று பெண்கள் வைக்கிற வழக்கம் இது, எங்கள் வீட்டில் தம்பியும் சேர்ந்து வைக்கிறான். காக்கை வர நேரமாகும். வராமலே போனாலும் அணில் வரும்.

அப்புறம், முன்னால் சொன்ன அந்தப் பெயர்கள். நமக்காக உழைக்கிறவர்களுக்கான நாள் என்று மாட்டுப் பொங்கலை எடுத்துக்கொண்டு, அன்று காலையில் புதிதாகச் செய்த வெண்பொங்கலோ வடையோ கட்டி, பிள்ளைகள் கையாலேயே கொடுக்கச் சொல்கிறோம். நேற்று மிஞ்சியதை ஒருபோதும் கட்டாதீர்கள். "தேங்க்ஸ் சொல்லு, தேங்க்ஸ் சொல்லு" என்று பின்னாலிருந்து முதுகைத் தள்ளாதீர்கள். பெயரைச் சொல்லி மாமா என்றோ அக்கா என்றோ கூப்பிட்டுக் கொடுத்தால் போதும். கூச்சப்படுகிற பிள்ளை உங்கள் பின்னால் ஒளிந்துகொண்டு கையை மட்டும் நீட்டும். சரி, அதுவும் கொடுத்ததுதான்.

காணும் பொங்கல்

பெரியவர்களைப் பார்த்துக் காலில் விழுந்து காசு வாங்குகிற நாள். சென்னையில் மெரினாவுக்கும் வண்டலூருக்கும் போகிற திட்டம் இருந்தால் என் கருத்து, நாலு வயதுக்குள் உள்ள பிள்ளையோடு வேண்டாம். கட்டாயம் போவதென்றால் மெரினாவில் போலீஸார் பிள்ளைகள் கையில் போன் நம்பர் எழுதிய பட்டை கட்டிவிடுவார்கள், முதல் வேலையாக அதைக் கட்டிக்கொள்ளுங்கள். கடலில் இறங்க அன்று விடமாட்டார்கள், அதை வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப் போங்கள்.

ஒரே நாளில் ஆறு வீடு ஏறி இறங்காதீர்கள், இரண்டு போதும். பொங்கல் படி, அதாவது பொங்கல் சீர், கொண்டுவருகிற மாமாவுக்காக அரை நாள் வீட்டிலும் இருக்க வேண்டும். கிடைத்த காசில் ஒரு நோட்டை யாருக்குச் செலவழிப்பது என்று பிள்ளையே முடிவு செய்யட்டும். போன வருஷம் என் மகள் அந்த ஐம்பது ரூபாய்க்குத் தம்பிக்கு விசில் வாங்கினாள். அந்தப் பொங்கலில் நாங்கள் செய்த ஒரே தவறு அதை அனுமதித்தது.

பொங்காத வருஷம்

குடும்பத்தில் சாவு நடந்த வருஷம் பல வீடுகளில் பொங்கல் வைப்பதில்லை. பிள்ளைகள் கேட்பார்கள். மழுப்பாமல் சொல்லிவிடுங்கள்: இது தாத்தா இறந்துபோன வருஷம், அதனால் இந்தத் தடவை நம் வீட்டில் பொங்கவில்லை. எங்கள் வீட்டில் அப்படி ஒரு வருஷம் பக்கத்து வீட்டு ஜோசப் மாமா என்று பிள்ளைகள் கூப்பிடுகிறவர் தூக்குப்பாத்திரத்தில் கொண்டுவந்து கொடுத்தார். அவர்கள் சர்ச்சிலும் பொங்கல் வைக்கிறார்கள். அந்தத் தூக்கை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்று மகளே கொஞ்சம் சர்க்கரை போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

சிறுவீட்டுப் பொங்கல்

திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசிப் பக்கத்துப் பெண் பிள்ளைகளுக்கு இதுதான் உண்மையான பொங்கல், மற்றதெல்லாம் பெரியவர்களுடையது. மார்கழி முழுக்க வாசல் கோலத்தில் சாணி உருண்டை பிடித்து நடுவில் பூசணிப்பூ வைப்பார்கள். அதைத் தட்டிக் காயவைத்துச் சேர்த்துக்கொண்டே வருவார்கள். தை மாதத்தில் ஒரு நாள் முற்றத்தில் மண்ணால் சின்னதாக ஒரு வீடு கட்டி, அடுக்களை, திண்ணை எல்லாம் வைத்து, அதற்கு முன்னால் குட்டிப் பானையில் பொங்கல் பொங்கி, காய்ந்த பூ வரட்டியோடு ஆற்றுக்கோ குளத்துக்கோ எடுத்துப் போய் விடுவார்கள்.

மாடி வீட்டில் இதைச் செய்ய முடியுமா? முடியும். நர்சரியில் ஒரு மூட்டை களிமண், ஒரு பழைய தாம்பாளம், சொப்புச் சாமான். வீட்டைப் பிள்ளைகளே கட்டட்டும், சுவர் இடியும், மறுபடி கட்டுவார்கள், பால்கனி முழுக்கச் சேறாகும், அன்று துணி காயப் போடாதீர்கள். பொங்குவது மட்டும் உங்கள் அடுப்பில், இருப்பதிலேயே சின்னப் பானையில், ஒரு கைப்பிடி அரிசி. அன்று பரிமாறுவது அவர்கள், சாப்பிடுவது நாம். ஒரு ஸ்பூன் பொங்கலை ஒன்பது பேருக்குப் பங்கு வைப்பதைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும், யாரும் குறுக்கே பேசக் கூடாது.

பக்கத்தில் ஆறு இல்லாததால் எங்கள் சிறுவீடு மறுநாள் உடைந்து கறிவேப்பிலைத் தொட்டிக்குப் போகும். உரம் போட எப்போது கிளறினாலும் ஏதாவது ஒரு சொப்பு மூடி அகப்படும். அதைக் கழுவி ஜன்னல் திட்டில் வைத்தால் அடுத்த மார்கழிக்குள் மறுபடி காணாமல் போயிருக்கும்.